ஒரே தட்டு

— கடிச்சா கடிக்கட்டும்னு எப்படி அண்ணே விடறது? நேத்து ஒரு முயலுக்குக் காது கிழிஞ்சு தொங்குது. நாலு தையல் போட்டேன்.

— காதோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க டாக்டரம்மா. எல்லாம் பொட்டையா இருக்கப்போய்த் தப்பிச்சீங்க. கடுவன் ரெண்டு மோதினா எங்க பார்த்துக் கடிக்கும்னு தெரியுமில்ல? பொம்பளைங்க முன்னாடி அதை நான் சொல்ல மாட்டேன்.

— நான் மிருக வைத்தியம் படிச்சவ.

— படிப்பு உங்களோடது, வாய் என்னோடது. அது கெடக்கட்டும். ஆராய்ச்சிக் கூடத்துல இப்போ எத்தனை ஜோடி?

— பதினாறு. அதுல பதினொண்ணு சண்டை. உங்களுக்கு அப்புறம் வந்தவர் நேத்தே பயந்துபோய் எல்லாத்தையும் தனித்தனிக் கூண்டுல போட்டுட்டார். மேலிடத்துல கத்தறாங்க. முயலைத் தனியா வெச்சா அது தின்னாம மூலையில ஒடுங்கிடும். அப்புறம் எந்த மருந்தைக் குடுத்துப் பார்த்தாலும், இளைச்சது மருந்தாலயா தனிமையாலயான்னு நான் எப்படிச் சொல்றது?

— மனுஷனையே தனியா வெச்சா நாலாம் நாள் சுவத்தோட பேச ஆரம்பிச்சிடறான். அது பாவம், பேசவும் தெரியாது.

— அதான் உங்களைத் தேடி வந்தேன் தரகரண்ணே. அந்த மூட்டு வலி மருந்தை முயலுக்குக் குடுத்துச் சோதிச்சோமே, நாலு வருஷம் முன்னாடி. இருபது ஜோடி, தொண்ணூறு நாள். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் ரெண்டு நாள்தான் காயம். மூணாம் நாள்லேர்ந்து காயம்ங்கற கட்டத்துல வெறும் கோடு. எப்படிப் பண்ணீங்க?

— சும்மாவா எல்லாரும் தரகர்னு கூப்பிட்டீங்க? ஊர்ல தரகன் வெச்ச ஜோடியெல்லாம் கோர்ட்டுல நிக்குது. நான் வெச்ச ஜோடி ஒண்ணு நின்னுருக்கா?

— என்னங்க, டாக்டரம்மாவை நிக்க வெச்சே பேசிட்டிருக்கீங்களா? நாற்காலி மேல இருக்கற துணியை எடுத்துப் போடுங்க!

— உட்கார்ந்துட்டேன் அண்ணி! நீங்க எழுந்து வராதீங்க!

— நான் ஒண்ணு சொல்லட்டா? எழுந்துக்காத எழுந்துக்காதன்னு சொல்லிச் சொல்லியே இந்தக் கால் ரெண்டும் தலகாணி மாதிரி ஆயிடுச்சு. இருங்க, டீ போட்டு எடுத்துட்டு வரேன். அடுப்பாங்கரைக்கும் ஹாலுக்கும் பத்தடி. அதை நடக்க எனக்குக் கால் மணி நேரம். அவசரமில்லையே?

— ஒரு அவசரமும் இல்லை.

— மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. கதவு மூடியிருக்கு, ஆனா காது மட்டும் அவளுக்கு இளமையாவே இருக்கு.

— என்ன அண்ணே ஆச்சு? கடைசியா பார்த்தப்போ நல்லாத்தானே இருந்தாங்க. உள்ள வரும்போது பார்த்தேன், முகம்கூட ஊதியிருக்கு.

— கிட்னி. ரெண்டும் சேர்த்துக் கால்வாசிதான் வேலை செய்யுதாம். போன வாரம்தான் சொன்னாங்க. அவகிட்ட உடம்புல உப்பு ஜாஸ்தியாம்னு சொல்லி வெச்சிருக்கேன். உப்பு ஜாஸ்தின்னா கம்மியாப் போட்டா சரியாயிடும்னு ரசமே உப்பில்லாம… சரி, எதைச் சமைச்சாலும் உப்பில்லாம சமைக்கறா. நானும் அதையே தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்றேன்.

— சர்க்கரை இருக்கா?

— இல்லை.

— பிரஷர்?

— அதுவும் இல்லை. பெரிய டாக்டரே தலையைச் சொறியறார். பரம்பரையில யாருக்காவது உண்டான்னார். அவங்க அம்மா எண்பத்தி நாலு வயசுல மாமரத்துலேர்ந்து விழுந்து செத்தாங்க, கிட்னியால இல்லைன்னேன். வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேட்டார். மூட்டு மாத்திரை ஒண்ணுதான், அதுவும் நம்ம மாத்திரைன்னேன்.

— நம்ம மாத்திரையா?

— நம்ம கூடத்துல பார்த்த அதே மாத்திரைதாம்மா. கடைக்கு வந்தன்னிக்கு முதல் ஆளா போய் வாங்கினது நான்தான். ஒண்ணரை வருஷமா காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி அவ படி ஏற மாட்டா. மாத்திரை போட்ட மாசமே மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டா. பெரிய டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திப் பார்ப்போமான்னார். நான்தான் விடலை. மத்த மாத்திரைன்னா நீங்க சொல்றது சரி, இது என் கையால கலந்து குடுத்து, என் கண்ணால பார்த்த மாத்திரைங்கன்னேன்.

— அது சரிதான். அதுல கிட்னிக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்ததே நான்தானே. இருபது ஜோடியையும் அறுத்துப் பார்த்தேன். மருந்து தின்னதுக்கும் கிட்னியில வீக்கம், தின்னாததுக்கும் அதே வீக்கம். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ரெண்டுக்கும் பொதுவா இருந்தது கூண்டுக்கு அடியில போட்ட மரத்தூள்தான்.

— அந்த மரத்தூள்காரனைத்தான் மாத்தினோமே. பாவம், எங்கூட சண்டைக்கு வந்தான். என் தூள்ல என்ன கெடுதல், நானே தின்னு காட்டறேன்னான்.

— அண்ணிக்கு வேற ஏதோ காரணம் இருக்கு. நான் ஒரு நல்ல கிட்னி டாக்டர் பேர் தரேன். அங்க கூட்டிட்டுப் போங்க.

— அந்த வார்த்தை போதும் டாக்டரம்மா. எனக்கு இருக்கறது அவ ஒருத்தி. கால்வாசி இருந்தாலும் அந்தக் கால்வாசி நிக்கணும். பத்து வருஷம் வேண்டாம், எனக்கு முன்னாடி போகாம இருந்தா போதும். சுயநலம்தான். இருக்கட்டும்.

— போக மாட்டாங்க. தைரியமா இருங்க… அண்ணே, சோபாவுக்கு அடியில என்ன அது?

— அதுவா? நம்ம குமாஸ்தா. வெளியில வாடா, யார் வந்திருக்காங்க பாரு. உனக்கு ஆபரேஷன் பண்ணிக் குடும்பஸ்தன் ஆக்கின அம்மா.

— அட, அந்த உபரி முயலா! இன்னும் இருக்கா? எப்பவும் எதையோ எழுதற மாதிரி முன்னங்காலை ஆட்டிட்டே இருக்குமே.

— அதனாலதான் குமாஸ்தா. அந்தப் பக்கம் கால் நீட்டிக் கெடக்கறவ சீமாட்டி. அவதான் வீட்டுக்கே எஜமானி. மாமியார் இல்லாத குறையை அவ தீர்த்து வெக்கறான்னு உங்க அண்ணி சொல்லுவா.

— சேர்ந்துடுச்சா ரெண்டும்?

— முதல்ல எங்க? குமாஸ்தாவைத்தான் முதல்ல கொண்டாந்தேன். ரெண்டு மாசம் தனியா இருந்தான். கதவைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான். உங்க அண்ணிதான், ஒத்தையா வெச்சு ஏன் கொல்றீங்க, ஒரு துணை பாருங்கன்னா. சீமாட்டியைக் கொண்டாந்து நேரா விட்டேன். ரகளை. வீடு முழுக்க ரோமம் பறக்குது. அப்புறம்தான் கூடத்து வித்தையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன்.

— அதைத்தான் சொல்லுங்க. எழுதிக்கறேன்.

— எழுதிக்குங்க. பொண்ணு பார்க்கற எடம் பொதுவா இருக்கணும். இவன் வீட்டுக்கு அவளைக் கொண்டாந்தா, எவடா என் எடத்துலன்னு பாய்வான். ரெண்டு பேருக்கும் தெரியாத எடம் வேணும். எங்க வீட்டுல குளியலறை. கூடத்துல அந்த எடை பார்க்கற அறை இருக்கே, அங்கதான் எல்லா ஜோடிக்கும் முதல் சந்திப்பு நடத்துவேன்.

— பொது எடம். சரி.

— அதுக்கு முன்னாடியே ஒரு வாரம் வைக்கோலை மாத்தி மாத்திப் போடணும். இவன் படுத்ததை அவளுக்கு, அவ படுத்ததை இவனுக்கு. மூஞ்சியைப் பார்க்கறதுக்கு முன்னாடி வாசனை பழகணும். முயலுக்குக் கண்ணு சும்மா பேருக்கு. மூக்குதான் எல்லாம். அடையாள அட்டையே வாசனைதான்.

— வைக்கோல் மாத்தறது. அடுத்து?

— ஒண்ணுக்கு உடம்பு முடியலைன்னாலும் ரெண்டையும் சேர்த்துத் தூக்கிட்டு வாங்கன்னு நீங்களே சொல்லுவீங்களே, ஞாபகமிருக்கா? ஒண்ணு மட்டும் போய் ஆஸ்பத்திரி வாசனையோட வந்தா, வீட்டுல இருக்கறது யார் நீன்னு கேட்கும். பத்து நாள் ஒண்ணா படுத்ததெல்லாம் பொய்யாயிடும். நோயில்லாததும் கூடப் போய் அந்த வாசனையைப் பூசிக்கிட்டு வரணும். எனக்கு அது ரொம்பப் புடிச்ச விஷயம். போன வாரம் உங்க அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ அதான் நினைச்சுக்கிட்டேன்.

— இதெல்லாம் புதுசா வந்தவரும் பண்ணிப் பார்த்துட்டார் அண்ணே. பகல் முழுக்க ஒண்ணா படுக்குது. சாப்பாட்டு நேரத்துலதான் வினை. நடுவுல தகரத் தடுப்பைப் போட்டு, மருந்துத் தீவனம் இந்தப் பக்கம், வெறும் தீவனம் அந்தப் பக்கம். ஒரு மணி நேரம் கழிச்சுத் தடுப்பைத் தூக்கினா பாயுது.

— பாயாம? கூடப் படுத்தவ ஒரு மணி நேரத்துல வேற ஆளாத் திரும்பி வந்தா? வாயெல்லாம் மருந்து நெடி. எங்க போய் என்னத்தைத் தின்னுட்டு வந்தேன்னு மூக்கைக் கொண்டுபோய் வெக்கும், அடுத்த நொடி கடிதான். முதல் ரெண்டு நாள் எனக்கும் அதே கதைதான். ஏழாம் கூண்டுல ரத்தம் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து சோறு எறங்கலை எனக்கு.

— மூணாம் நாள்லேர்ந்து எப்படி நின்னது?

— அங்க பாருங்க. சீமாட்டியும் குமாஸ்தாவும் எப்படித் தின்னுதுன்னு பாருங்க.

— அழகா இருக்கு. ஒரே தட்டுல…

— அவ்வளவுதான் வித்தை. ஒரே தட்டு. கூடத் தின்னவனை எவனும் கடிக்க மாட்டான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நமக்குத்தான் சொல்லிக் குடுக்கணும், அதுக்குத் தானா தெரியும்.

— ஒரு நிமிஷம் அண்ணே. இது இங்க, வீட்டுல. கூடத்துல என்ன பண்ணீங்க?

— அதேதான். தடுப்பைக் கழட்டி மூலையில வெச்சேன். பெரிய எவர்சில்வர் தட்டு இருபது வாங்கிட்டு வந்தேன், என் கைக்காசு. ரெண்டு தீவனத்தையும் அதுல கொட்டி, கலந்து, நடுவுல வெச்சேன். ரெண்டும் தலையோட தலை முட்டித் தின்னுச்சு பாருங்க! அன்னிலேர்ந்து ஒரு கீறல் கிடையாது.

— சிவப்புத் தட்டு மருந்துத் தீவனத்தையும் வெள்ளைத் தட்டு வெறும் தீவனத்தையும் கலந்தீங்களா?

— ஆமாம்.

— பதிவேட்டுல தினமும் சிவப்பு ஐம்பது கிராம், வெள்ளை ஐம்பது கிராம்னு தனித்தனியா எழுதியிருக்கே.

— எழுதணுமில்ல? போட்டது அவ்வளவுதானே. சிவப்பு ஐம்பது, வெள்ளை ஐம்பது. சேர்த்தா நூறு. ஜோடிக்கு நூறு. ஒரு கிராம் குறைச்சதும் இல்லை, கூட்டினதும் இல்லை. அட்டையில ஏழாம் கூண்டு, ஜோடி, இவ்வளவு மருந்துன்னுதானே போட்டிருந்தது. ஜோடிக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு.

— எத்தனை நாள்?

— தொண்ணூறுல ரெண்டைக் கழிங்க.

— இருபது ஜோடிக்கும்?

— ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? இருபதுக்கும்தான்… ஏம்மா எழுதறதை நிறுத்திட்டீங்க? தண்ணி வேணுமா?

— அண்ணே, அந்த வெள்ளைத் தட்டு எதுக்குன்னு நினைச்சீங்க?

— வெறும் தீவனம். மருந்து இல்லாதது.

— ஏன் ஒண்ணுக்கு மருந்து இல்லாம குடுக்கச் சொன்னோம்?

— அது… பக்கத்துல ஒண்ணு சும்மா இருக்கட்டும்னு. துணைக்கு.

— துணைக்கு இல்லை அண்ணே. ஒத்துப் பார்க்கறதுக்கு. மருந்து தின்னது இப்படி இருக்கு, தின்னாதது அப்படி இருக்குன்னு ஒத்துப் பார்த்தாத்தான் மருந்து என்ன பண்ணுதுன்னு தெரியும். அந்த இருபதுக்கு மருந்து போகவே கூடாது. ஒரு துளிகூட.

— போயிடுச்சு.

— ஆமாம். போயிடுச்சு. மருந்தே தின்னாததுன்னு நினைச்சு நான் அறுத்துப் பார்த்த இருபதும் மருந்து தின்ன முயல். நாற்பதும் தின்னிருக்கு. அதனாலதான் நாற்பதுலயும் ஒரே வீக்கம்.

— மரத்தூள்னு சொன்னீங்களே.

— மரத்தூள்ல ஒண்ணும் இல்லை.

— அந்த ஆள் கடையை மூடிட்டுப் போனானே டாக்டரம்மா. கெட்ட தூள் போட்டவன்னு பேர் வந்து, ஒருத்தரும் வாங்காம.

— தெரியும்.

— தின்னு காட்டறேன்னானே…

— அண்ணே, இங்க பாருங்க. நான் சொல்றது புரியுதா? வீக்கம் மருந்தால வந்தது. மருந்து கிட்னியைக் கெடுக்குது. எனக்கு அது தெரியலை. ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க, கொஞ்ச நாள்தான் பார்த்தாங்க, அப்புறம் கடைக்கு வந்துடுச்சு.

— இருங்க. இருங்க டாக்டரம்மா. இன்னொரு தடவை சொல்லாதீங்க. எனக்குப் புரிஞ்சுடுச்சு. சொல்லாதீங்க.

— சரி.

— அவ உள்ள இருக்கா.

— தெரியும் அண்ணே. மெதுவா.

— பெரிய டாக்டர் நிறுத்தச் சொன்னார். நான் விடலை. மார் தட்டினேன். என் கண்ணால பார்த்த மாத்திரைன்னு. என்ன பார்த்தேன் நான்? என்னத்தைப் பார்த்தேன்?

— உட்காருங்க. அண்ணே, உட்காருங்க.

— இன்னிக்கே நிறுத்திட்டா? இந்த நிமிஷம் டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டா? திரும்பி வந்துடுமா?

— போனது வராது.

— முயலுக்கு வராதா, மனுஷனுக்கு வராதா?

— ரெண்டுக்கும்தான். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். பார்க்கலாம்னுதான் என்னால சொல்ல முடியும். கால்வாசிக்கு வந்தப்புறம் சிலருக்கு அது தானாவே எறங்கிடும், நிறுத்தினாலும்.

— என்னங்க! டாக்டரம்மாவுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?

— ஒண்ணு போதும் அண்ணி!

— ஒண்ணா? இனிப்பான செய்தி ஏதாவது கொண்டு வந்திருக்காங்களா கேளுங்க, ரெண்டு போடறேன்!

— பாருங்க, சிரிக்கறா. நேத்து ராத்திரி கூட கால் வலி பொறுக்காம அழுதவ. அந்த வலிக்கும் நான் என்ன எடுத்துக் குடுத்தேன்னு நினைக்கறீங்க? கூட ஒண்ணு. தப்பில்லை, நம்ம மாத்திரைதான்னு கூட ஒண்ணு.

— அண்ணே…

— அவ கேட்டா, இது உடம்புக்கு ஏதாவது பண்ணுமான்னு. இத்துனூண்டு முயலே தொண்ணூறு நாள் தின்னு கொழுகொழுன்னு இருந்துச்சு, உனக்கென்னன்னேன். அவ வாயைத் தொறந்தா. நான் போட்டேன். என் கையால போட்டேன் டாக்டரம்மா.

— நீங்க தெரிஞ்சு பண்ணலை.

— எத்தனை வீட்டுல இப்படி ஒருத்தி வாயைத் தொறந்துட்டிருப்பா?

— எண்ண வேண்டாம். நான் எண்ணிப் பார்த்தா எழுந்து நிக்க முடியாது. மருந்தை நிறுத்தணும். இன்னிக்கே கடிதம் போகணும்.

— போடுங்க.

— போட்டா முதல் கேள்வி எப்படி ஆச்சுங்கறதுதான். ஒரே ஒரு வார்த்தை அண்ணே, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? முயலோட சாப்பாட்டுல கையை வெக்கறதுக்கு முன்னாடி?

— கேட்டிருக்கணும்.

— இருபத்தி ரெண்டு வருஷம் வேலை பார்த்தவர். தீவனத்துல உமி கலந்திருந்தாலே ஓடி வந்து சொல்லுவீங்க. இதை மட்டும் ஏன் சொல்லலை?

— தோணலைன்னு வெச்சுக்குங்க.

— வெச்சுக்கறதா? தோணிச்சா, தோணலையா?

— கேட்கலைன்னு எழுதிக்குங்க டாக்டரம்மா.

— நான் ஊர்ல இல்லாட்டியும் ஒரு போன் பண்ணியிருக்கலாமே! ஒரு போன். அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துல இத்தனையும் நின்னிருக்கும். அண்ணி கால் இப்படி ஆகியிருக்காது.

— அதை மட்டும் சொல்லாதீங்க.

— மன்னிச்சுடுங்க. கோபம் இல்லை அண்ணே. எனக்கு எங்க போய் முட்டிக்கறதுன்னு தெரியலை. அந்தக் கையெழுத்து என்னோடது. மருந்து குடுக்காத முயலோட ரத்தத்துல மருந்து இருக்கான்னு ஒரு தடவை பார்த்திருக்கலாம். குடுக்காததை எதுக்குத் தேடணும்னு விட்டுட்டேன். என் பேர்லயும் எழுதறேன்.

— கூடாது. நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க எனக்கு மேலதிகாரி, ஆனா வயசுல எனக்குத் தங்கச்சி மாதிரி. மருந்தை நிறுத்துன்னு சொன்னா கம்பெனிக்காரங்க சும்மா நிறுத்திடுவாங்களா? முட்டி மோதுவாங்க. அன்னிக்கு நல்லதுன்னு சொன்ன வாய்தானே இதுன்னு உங்களையே திருப்பி அடிப்பாங்க. நீங்க குத்தவாளியா நின்னா உங்க பேச்சு சபை ஏறாது. நீங்க சுத்தமா நிக்கணும். அப்போதான் நிக்கும் மருந்து. கூடத்துல வேலை பார்த்த தற்குறி ஒருத்தன், யாரையும் கேட்காம, தன் இஷ்டத்துக்குக் கலந்துட்டான். முடிஞ்சுது கதை.

— நீங்க தற்குறி இல்லை.

— இன்னிக்கு ஆயிட்டுப் போறேன். எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.

— அண்ணே, இதுக்குத் தண்டனை உண்டு.

— உள்ள டீ போட்டுட்டிருக்கே, அதை விடவா? எழுதுங்கம்மா. அவ வர்றதுக்குள்ள.

— சரி… ‘கூடத்தில் முயல்களைப் பராமரித்த நான், மருந்து கலந்த தீவனத்தையும் கலக்காத தீவனத்தையும் மூன்றாம் நாள் முதல் ஒரே தட்டில் கலந்து வைத்தேன். ஜோடிகள் சண்டையிடாமல் இருப்பதற்காகவே இப்படிச் செய்தேன்.’

— அது வேண்டாமே. இரக்கத்துக்கு எழுதின மாதிரி இருக்கு.

— அது உண்மை. இருக்கட்டும். ‘இதைப் பொறுப்பான மருத்துவரிடம் கேட்கவில்லை. தெரிவிக்கவும் இல்லை. என் சொந்த முடிவு.’ சரியா?

— சரி. பேனாவைக் குடுங்க.

— ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

— படிக்க வேண்டாம். எங்க போடணும்? இங்கயா?

— இங்க. தேதியும்.

— இந்தாங்க டீ! கீழே ஒரு சொட்டு சிந்தலை, கை தட்டுங்க ரெண்டு பேரும். என்ன ரெண்டு பேர் மூஞ்சியும் இப்படி இருக்கு? சீமாட்டி செருப்பைத் தின்னுட்டாளா?

— ஒண்ணுமில்லை அண்ணி. உட்காருங்க. முதல்ல உட்காருங்க.

— நீ எதுக்கு எடுத்துட்டு வந்தே, கூப்பிட்டா நான் வர மாட்டேனா? ஏ இவளே, இன்னிலேர்ந்து அந்த மூட்டு மாத்திரை வேண்டாம். மதியத்துக்குப் போடாதே.

— வேண்டாமா? டீ கொதிக்கறதுக்குள்ள போட்டு முழுங்கிட்டேனே. மணி ஒண்ணு ஆயிடுச்சில்ல?

— முழுங்கிட்டியா.

— ஆமாம். நல்ல பிள்ளையா, சொன்ன நேரத்துக்கு. ஏங்க, அதுக்கு எதுக்குக் கண்ணு கலங்கறீங்க? டாக்டரம்மா, இவருக்கு என்ன ஆச்சு? அது என்ன காகிதம், எதுக்குக் கையெழுத்து?

— கூடத்துப் பழைய கணக்கு அண்ணி. அந்த மூட்டு மருந்து பார்த்தப்போ அண்ணன் ரெண்டு தீவனத்தையும் ஒரே தட்டுல போட்டாராம். அதை யாரையும் கேட்காம பண்ணிட்டேன்னு எழுதிக் குடுக்கறார்.

— யாரையும் கேட்காமயா? இவரா? என்னைக் கேட்காம தலை வாரத் தெரியாது இவருக்கு.

— ஏ, நீ உள்ள போ.

— இருங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோத்தைத் தொடலை இந்த மனுஷன். முயல் ரத்தம் ரத்தம்னு புலம்பல். நான்தான், டாக்டரம்மாவைக் கேளுங்களேன்னு போனை எடுத்துக் கையில குடுத்தேன்.

— என்னைக் கேட்டாரா?

— அவளுக்கு ஞாபக மறதி டாக்டரம்மா. நீங்க காகிதத்தை எடுத்துட்டுக் கிளம்புங்க. கடிதம் இன்னிக்கே போகணும்னீங்களே.

— எனக்கா மறதி? நீங்க வெளியூர் போறதுக்கு ஏதோ ஸ்டேஷன்ல நின்னுட்டிருந்தீங்க டாக்டரம்மா. ஒரே இரைச்சல். இவர் தெருவே கேட்கற மாதிரி கத்தறார். தனித்தனியா போட்டா கடிச்சுக்குதும்மா, ஒண்ணாவே போட்டுடட்டுமான்னு.

— ஒண்ணாவே போட்டுடட்டுமான்னு… கூண்டுல. கூண்டுலதானே அண்ணே? ரெண்டையும் ஒரே கூண்டுல போடட்டுமான்னுதானே கேட்டீங்க?

— கூண்டைத்தான் டாக்டரம்மா. கூண்டைத்தான் கேட்டேன். சத்தியமா கூண்டைத்தான். கிளம்புங்க.

— கூண்டா? என்னங்க உளர்றீங்க, சாப்பாடு போடறதைத்தானே கேட்டீங்க? இவரை விடுங்க டாக்டரம்மா, ஸ்பீக்கர்ல எனக்கும்தான் கேட்டுச்சு, ‘அட, இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க, வாயில்லா ஜீவனைப் பிரிக்காதீங்க, ஒண்ணாவே போடுங்க’ன்னு நீங்க சொன்னது, இந்த வாய்க்குச் சர்க்கரை போடணும்னு அப்பவே இவர்கிட்ட சொன்னேன், இப்போ டீயில ரெண்டு ஸ்பூனாவே போட்டிருக்கேன், குடிங்க.